கதவை மூடாத கப்பல்

நந்தினி போன் செய்தபோது நான் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். கேளம்பாக்கம் பக்கத்து மல்டிபிளெக்ஸில் புரொஜெக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்து நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண் அவர்.

"சார், அந்த ராக்கெட் படம் மூணு பார்ட்டையும் ஒரே நாள்ல போடப்போறோம். புது பிரிண்ட். பிரிண்ட்னுகூட சொல்லக்கூடாது, ஹார்ட் டிஸ்க்தான் வருது. நீங்க செங்கல்பட்டுல இதெல்லாம் ஓட்டியிருக்கீங்களாமே. உண்மையைச் சொல்லுங்க, இப்போ பாத்தா தாங்குமா?"

முதல் நாள் பார்த்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றேன். லாபியில் ஒட்டுவதற்கு அரைப் பக்கம் போதும் என்றார். அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. லாபியில் ஒட்டுகிற மாதிரியும் வரவில்லை.

தாங்குமா என்ற கேள்வியை நான் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம் மிகவும் சுருக்கம். இந்த வெள்ளிக்கிழமை போட்ட படம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நிற்குமா என்பதுதான். இருபது முப்பது வருஷம் கழித்தும் நிற்குமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்போம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் கூடவே பிறந்தது. பஸ்ஸில் ஏறினால் பிரேக்கைப் பற்றிக் கவலை. கல்யாணத்துக்குப் போனால் பந்தலைப் பற்றிக் கவலை. இப்படிப்பட்டவன் ஆபரேட்டர் வேலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். செங்கல்பட்டுக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கப் போனேன், மேலே கூப்பிட்டார்கள், லைசென்ஸ் பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். போன பிறகுதான் தெரிந்தது, கவலைப்படுவதற்கென்றே கட்டிய அறை அது என்று. மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் இரண்டும் எரிய எரிய இடைவெளி கூடும். கவனிக்காமல் விட்டால் திரையில் வெளிச்சம் மங்கி, கீழேயிருந்து "லைட்ட்ட்டு!" என்று கத்துவார்கள். ரீல் முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். இன்னொரு புள்ளி மின்னியதும் மாற்ற வேண்டும். தவறவிட்டால் திரை வெள்ளையாக நிற்கும், அப்புறம் நம் குடும்பத்தில் உள்ள எல்லாரையும் விசாரிப்பார்கள். அதனால் பக்கத்து மெஷினில் படத்தைக் கோத்து வைத்த பிறகும் நிம்மதி இருக்காது. கோத்தது சரிதானா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

இந்தக் குணத்தை ஒரு கருவியாக எடுத்துப் பயன்படுத்தியவர் எங்கள் மேனேஜர் தேவராஜ் சார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது கிட்டப் போய்க் காதைக் கொடுத்துத்தான் திட்டு வாங்க வேண்டியிருக்கும். அவரும் ஆபரேட்டராக இருந்து மேலே வந்தவர் என்று சொல்வார்கள். ஆனால் நான் இருந்த காலத்தில் அவர் மெஷினைத் தொட்டதில்லை.

இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. எடுத்தவர்கள் யாரும் செங்கல்பட்டு கேன்டீன்காரரைப் பற்றி நினைத்துப் பார்த்து எடுப்பதில்லை. அதனால் இடைவேளையை நாங்கள்தான் வைக்க வேண்டும். படப்பெட்டி வந்த அன்று காலையில் காலிக் கொட்டகையில் முழுப் படத்தையும் ஓட்டுவேன். தேவராஜ் சார் சோபாவில் உட்கார மாட்டார். முன்னால் பெஞ்சு டிக்கெட்டில் போய் உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் மேலே ஏறி வந்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"கஜா, எங்க உனக்கு வயித்தைக் கலக்குச்சு?"

நான் சொல்லும் இடத்தில் அவர் ஒரு துண்டுக் காகிதத்தை ரீலுக்குள் சொருகுவார். அங்கேதான் இடைவேளை. "சந்தோஷமா இருக்கறப்போ விட்டா ஜனம் டீ குடிச்சிட்டு மெதுவா வரும். கவலையா இருக்கறப்போ விட்டா பெல் அடிக்கறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துக்கும்" என்பார். வேறு ஆபரேட்டர்களிடம் கேட்டுப் பார்த்தாராம். சண்டை வரும் இடத்தைக் காட்டினார்களாம். "உன் வயிறுதான்யா சரியாச் சொல்லுது" என்று அவர் சொன்னது என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் இந்த ராக்கெட் படத்தின் முதல் பாகம் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. வெளிநாட்டில் அது ரொம்பப் பழைய படம், எங்களுக்குப் புதுசு. கிரகம் விட்டுக் கிரகம் தண்ணீர் ஏற்றிப் போகும் ஓட்டைக் கப்பல், சிடுமூஞ்சிக் கேப்டன், ஒரு மெக்கானிக், மூன்று காலால் நொண்டி நடக்கும் ஒரு இயந்திரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் எங்கள் ஜனத்தின் வாயில் நுழையவில்லை. முதல் காட்சியிலேயே ஒருவர் "டேய் முக்காலி!" என்று கூப்பிட, மூன்று பாகத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊரில் தண்ணீர்க் கப்பலை எதிரி மடக்கினால் சும்மா இருப்பார்களா? கொட்டகை கிடுகிடுத்தது.

இரண்டாம் பாகம் அடுத்த ஐப்பசியில் வந்தது. வட்டாரத்துக்கு ஒரே பிரிண்ட்தான். அதை எங்கள் கொட்டகையும் மாமல்லபுரத்தில் இருந்த எங்கள் முதலாளியின் இன்னொரு கொட்டகையும் பங்குபோட்டு ஓட்டின. அங்கே ஆட்டம் முன்னதாகவே ஆரம்பிக்கும். முதல் பாதி ரீல்கள் முடிந்ததும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார்கள், கண்டக்டர் எங்கள் வாசலில் இறக்கிவிடுவார். இரண்டாம் பாதி முடிகிற நேரத்துக்குத் தோதாக பஸ் கிடையாது. அதைத் திருக்கழுக்குன்றம் வழியாக மொபெட்டில் கொண்டுவருபவர் ஏழுமலை. என் தங்கை வசந்தாவின் வீட்டுக்காரர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

ஏழுமலைக்கு நேர்மாறான ஆள் இந்த உலகத்தில் நான்தான். அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. மாமல்லபுரத்தில் பின்னறையில் உட்கார்ந்து, முடிந்த ரீல்களைத் திருப்பிச் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திரைப்பக்கம் எட்டிப் பார்க்க நேரம் இருக்காது. "பொட்டிய நான் தூக்கினு வரேன். கதைய நீ பாத்து சொல்லு மச்சான்" என்பார். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரி வழியும் கலங்கலின் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடும் இடம் ஒன்று வழியில் உண்டு. அங்கே அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பெட்டியைத் தலையில் வைத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் மேட்டில் வைப்பார். பிறகு திரும்பி வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பெட்டி நனைந்தால் முதலாளி கேட்பார், நான் நனைஞ்சா வசந்தாதானே கேட்பா என்று சிரிப்பார்.

இரண்டாம் பாகத்துக்கு இடைவேளை எங்கே என்று தேவராஜ் சார் என்னைக் கேட்கவே இல்லை. அவருக்கும் வயிறு கலங்கியிருந்தது. கப்பலுக்கு வெளியே ரிப்பேர் பார்க்கப் போன மெக்கானிக்கின் கயிறு அறுந்துவிடுகிறது. எதிரிக் கப்பல்கள் நெருங்கி வருகின்றன. கதவை மூடினால்தான் கப்பல் கிளம்பும். எல்லோரும் மூடச் சொல்கிறார்கள். கேப்டன் மூடாமல் நிற்கிறார். கதவுக்கு வெளியே இருட்டு. சங்கீதம் கிடையாது, வசனம் கிடையாது. வெறும் இருட்டைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கே ரீல் முடிந்தது. இடைவேளை விளக்கைப் போட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. மேட்னிக்கு முதல் பாதி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஓட்டினேன். கதவு வந்தது, இருட்டு வந்தது, விளக்கைப் போட்டேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு மொபெட் சத்தம் படிக்கட்டுக்குக் கீழே கேட்டுவிடும். கேட்கவில்லை.

விளம்பர ஸ்லைடு போட்டேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, பல் டாக்டர். மறுபடியும் ஜவுளிக்கடை. பாட்டு வைத்தேன். விசில் ஆரம்பித்தது. பிறகு நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தார்கள். "பொட்டி வர்லடா!" என்று ஒரு குரல். ஜனத்துக்கு எல்லாம் தெரியும். நான் ஜன்னலுக்கும் மெஷினுக்குமாக நடந்தேன். அந்தக் கலங்கல் என் கண்ணைவிட்டு நகரவில்லை. ஜனம் நாற்காலியை உடைக்குமே என்று பயந்தேனா, மாப்பிள்ளை என்ன ஆனாரோ என்று பயந்தேனா என்று கேட்டால், முதலில் நாற்காலி, அப்புறம் நாற்காலி ஞாபகமே இல்லை.

தேவராஜ் சார் திரைக்கு முன்னால் போய் நின்றார். மைக் இல்லாமல், அவருடைய அந்த மெதுவான குரலில் பேசினார். பின்வரிசைக்குக் கேட்காது. அதனாலேயே கொட்டகை அடங்கியது.

"பெட்டி மாமல்லபுரத்துலேர்ந்து வரணும். கொண்டு வர்ற ஆள் இந்த மழையில ரோட்டுல இருக்கார். போகணும்னு நினைக்கறவங்க இந்த டிக்கெட்டைக் காட்டி நாளைக்கு வந்து பாக்கலாம்."

"யாரு சார் வரணும்? நம்ம ஏழுமலையா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமா."

"அப்போ இருக்கோம் சார். அவரு வரட்டும்."

ஒருவரும் எழுந்து போகவில்லை. தட்டுவதும் நின்றுவிட்டது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இன்னும் பயமாகத்தான் இருந்தது. சத்தம் இருந்தவரைக்கும் மழையின் சத்தம் கேட்காமல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்தார். அவற்றைச் சுற்றி ஒரு மழைக்கோட்டு இறுகக் கட்டியிருந்தது. காலர் கிழிந்து, வசந்தா கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்த கோட்டு.

"ஆளு எங்க?" என்றேன்.

"ஆளு இல்லபா. கலங்கலாண்ட மேட்டுல பொட்டி மட்டும் கெடந்துது. ஆடு ஓட்டிகினு வந்த ஒருத்தர் பாத்துட்டு, கொட்டாய் பேரு எழுதிகீதேன்னு பஸ்ஸ நிறுத்தி ஏத்திவுட்டாரு."

"வண்டி? மொபெட் நின்னுச்சா?"

"வண்டியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. இன்னா மழை, கண்ணே தெரியல."

ஏழுமலையின் முறை எனக்குத் தெரியும். பெட்டியை அந்தப் பக்கம் வைத்துவிட்டார். வண்டியை எடுக்கத் திரும்பித் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. நான் படியைவிட்டு இறங்க ஆரம்பித்தேன். தேவராஜ் சார் குறுக்கே கையை நீட்டினார்.

"நீ மேல போ. படத்தை ஓட்டு."

"சார், என் தங்கச்சி புருஷன் சார்."

"அதனாலதான் சொல்றேன். நீ போனா ரோட்டுல நின்னு அழுவே. நான் போனா தேடுவேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதலாளியின் காரை எடுத்துவரச் சொல்லி, கேட் ஆட்கள் இருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நடக்கும்போது அந்த மனிதர் வாசலைத் தாண்டிப் போனதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அப்போது எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படமா முக்கியம்? இப்போது யோசித்தால், நான் இடிந்துபோகாமல் இருக்க அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மழைக்கோட்டை அவிழ்த்தேன். கோட்டு வெளியே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பெட்டியின் மேல் ஒரு துளி இல்லை. ரீலை எடுத்துக் கோத்தேன். பிலிமின் ஓட்டை மெஷின் பல்லில் உட்காரவில்லை. மறுபடி கோத்தேன். பெல் அடித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

கதவு. இருட்டு. கேப்டன் நிற்கிறார். அந்தக் காட்சியை நான் அதற்குமுன் பலமுறை பார்த்திருக்கிறேன். எப்போது மெக்கானிக்கின் கை வந்து கதவைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வராது என்றே நம்பினேன். கீழே கொட்டகை மூச்சு விடவில்லை. "மூடாதடா" என்று யாரோ கெஞ்சுகிற குரலில் சொன்னார். நான் பார்க்க முடியாமல் கார்பனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்டகை அதிர்ந்தபோதுதான் கை வந்துவிட்டது என்று தெரிந்தது. படத்தில் வந்துவிட்டது. நான் ஏழுமலையின் கோட்டைப் பிடித்துக்கொண்டு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன். மூலையில் புள்ளி மின்னியதைக்கூடத் தண்ணீர் நிறைந்த கண்ணால்தான் பார்த்தேன். தவறவிடவில்லை.

படம் முடிந்து ஜனம் கலைந்த பிறகும் கார் வரவில்லை. வசந்தாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தபடி வாசலில் நின்றேன். இருட்டுகிற நேரத்தில் வந்தார்கள். தேவராஜ் சாரின் வெள்ளை வேட்டி இடுப்புவரைக்கும் சேறு.

"ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வரேன். கால்தான் போயிடுச்சு. ஆள் இருக்கார். போய்ப் பாரு" என்றார். பெட்டி கிடந்த இடத்தைக் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு போய், அங்கிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே வயலில் இறங்கி நடந்தார்களாம். வரப்போரம் பனைமரத்தடியில், மொபெட்டுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

தொடையில் தகடு வைத்தார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு ஏழுமலை கேட்ட முதல் கேள்வி, "பொட்டி நனஞ்சுதா மச்சான்?" அப்புறம் வசந்தா அழுதபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னாத்துக்கு அழுவுற? சும்மா கொஞ்ச நேரம்தான் கெடந்தேன். மேனேஜர் வந்துட்டாரு." அன்று முதல் யார் கேட்டாலும் அதே பதில்தான். கொஞ்ச நேரம்தான். அதை நம்பித்தான் நானும் வசந்தாவும் தூங்கினோம்.

அவர் அப்புறம் பெட்டி தூக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து நடப்பார். திருக்கழுக்குன்றத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தார். எங்கள் கொட்டகை கல்யாண மண்டபமானது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. நான் பழைய மெஷினை நினைத்து உருகுகிற ஆள் இல்லை. மழையில் யாரும் ரீலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்ற ஒன்றுக்காகவே அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கும்பிடலாம். நடுவில் ஒரு தடவை டிவியில் இரண்டாம் பாகத்தைப் போட்டார்கள். கதவு திறந்திருக்கும்போது விளம்பரம் வைப்பான் என்று காத்திருந்தேன். முக்காலி தடுக்கி விழுந்து சிரிக்கிற இடத்தில் வைத்தான். தேவராஜ் சார் இருந்திருந்தால் ரொம்ப மெதுவாகத் திட்டியிருப்பார்.

நந்தினி இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் தூக்கினவர், கதையைப் பார்க்காதவர். பக்கத்தில் எல்லாம் சிறுசேரி கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு.

இனி நந்தினி கேட்டதற்குப் பதில். முதல் பாகம் தாங்குகிறது. பொம்மைக் கப்பல் பொம்மையாகத்தான் தெரிகிறது, பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். முக்காலி வந்தபோது அவர்களும் கை தட்டினார்கள். வில்லனின் உபதேசமும் கேப்டனின் கிருதாவும் தாங்கவில்லை. மூன்றாம் பாகம் எங்கள் காலத்திலேயே சுமார்தான். அன்றைக்கு விசிலடித்தது முதல் இரண்டு பாகத்தின் பாக்கிக்காக. இப்போது வானத்தில் கம்ப்யூட்டரால் புதிதாக நூறு கப்பல்களை ஒட்டியிருக்கிறார்கள். நிறைய கப்பல் இருந்தால் நிறைய பயம் வரும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாம் பாகம் வந்தது. கயிறு அறுந்தது. கதவு திறந்தபடி நின்றது. நான் பழக்கத்தில் திரையின் வலது மேல் மூலையைப் பார்த்தேன். புள்ளி இல்லை. இருட்டு வந்தது. வந்த வேகத்தில் கை வந்து கதவைப் பிடித்துவிட்டது. சீக்கிரம் சலித்துப்போகும் ஜனம் என்று நினைத்து, அந்த நீண்ட இருட்டை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். முழுப் படத்திலும் வயதே ஆகாமல் இருந்தது அது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்குப் பயப்பட நேரம் கொடுக்கவில்லை.

வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல ஏழுமலையின் பக்கம் திரும்பினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கெட்ட காலைப் பிடித்திருந்தார்.

"இன்னா மச்சான், அதுக்குள்ளாற வந்துட்டான்?" என்றார்.

"ஆமா மாப்ள. பழசுல இன்னும் நேரம் ஆகும்."

அவர் தலையை ஆட்டினார். திரையில் கப்பல் கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நானு ரொம்ப நேரம் கெடந்தேன் மச்சான். தண்ணி வாய் வரிக்கும் வந்து வந்து போவுது. கத்திகினே இருந்தேன். யாரும் வரமாட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டேன்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை நான் கேட்டேன். அவர் கை கிடந்த இடத்தில் என் கையை வைத்தேன். படம் முடிந்து விளக்கு வரும்வரை அப்படியே இருந்தோம்.